சந்தனமும் ஓம்புயிரும் தத்துப்பூச்சியும்: தென்னிந்தியச் சந்தன ஸ்பைக் நோய் ஆய்வின் வரலாறு (1871–1978)

ஆய்வுச் சுருக்கம்

சந்தனம் பிற தாவரங்களின் வேர்களைப் பற்றி வாழும் பகுதி ஒட்டுண்ணி மரமாகும். 1899ஆம் ஆண்டு குடகில் இம்மரத்தில் கண்டறியப்பட்ட ஸ்பைக் நோய் மைசூர், குடகு, சென்னை மாகாணம் ஆகிய பகுதிகளின் சந்தனக் காடுகளைப் பெரிதும் அழித்தது. இந்நோயின் காரணத்தைத் தேடிய முயற்சி எழுபது ஆண்டுகள் நீடித்தது. அம்முயற்சியில் ஒட்டுண்ணித் தாவரம், அதன் ஓம்புயிர்கள், அவ்விரண்டின் சாற்றையும் உண்ணும் பூச்சிகள் ஆகிய மூன்றும் தனித்தனித் துறைகளால் ஆராயப்பட்டன. இம்மூன்றையும் ஒரே உறவாகக் காணும் வினா 1930களில் பெங்களூருவில் எழுந்தது. ஆயினும் அது முழுமையாகப் பின்தொடரப்படவில்லை. அவ்வினாவின் தோற்றத்தையும் தேக்கத்தையும், இன்றைய தாவர–பூச்சி உறவாய்வுகளின் ஒளியில் அதற்குள்ள பொருத்தத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சந்தனம், ஒட்டுண்ணித் தாவரம், ஓம்புயிர், ஸ்பைக் நோய், தத்துப்பூச்சி, ஃபைட்டோபிளாஸ்மா, அறிவியல் வரலாறு.

1. முன்னுரை

ஒட்டுண்ணித் தாவரங்களைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். மரக்கிளையில் வேரூன்றி வளர்வதைப் புல்லுருவி என்றனர். இலையின்றி மஞ்சள் நூலாய்ப் பிற செடிகளின் மேல் படர்வதை அம்மையார் கூந்தல் என்றனர். இவ்விரண்டின் ஒட்டுண்ணித் தன்மையும் கண்ணுக்குத் தெரிவது. சந்தனமோ மண்ணுக்கு மேலே பச்சை இலைகளுடன் தனித்து நிற்கும் மரம். அதன் ஒட்டுண்ணித் தன்மை மண்ணுக்கடியில் மறைந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் ஆரம் என்றும் சாந்தம் என்றும் குறிஞ்சி நிலத்தோடு இணைத்துப் பேசப்படும் இம்மரத்துக்குப் பிற தாவரங்களைச் சார்ந்து வாழ்வதைக் குறிக்கும் பெயர் எதுவும் வழக்கில் இல்லாமைக்கு இதுவே காரணமாகலாம்.

ஒட்டுண்ணித் தாவரம் ஒன்றைப் பூச்சி உண்ணும்போது அங்கே இரண்டு உயிர்கள் மட்டும் தொடர்புறுவதில்லை. ஒட்டுண்ணியின் உடலில் ஓடும் நீரும் கனிமங்களும் கரிமச் சேர்மங்களும் ஓரளவு ஓம்புயிரிலிருந்து வந்தவை. ஆகவே ஒட்டுண்ணி பூச்சிக்கு உகந்த உணவா, நஞ்சா என்பதை ஓம்புயிரும் தீர்மானிக்கக்கூடும். அதே பூச்சி ஓம்புயிரிலும் உண்ணுமாயின் நோய்க்கிருமி இரண்டுக்கும் இடையே இடம்பெயரவும் கூடும். இத்தகைய முக்கூட்டு உறவுகள் கடந்த கால் நூற்றாண்டில் சூழலியலின் தனி ஆய்வுப் பொருளாக வளர்ந்துள்ளன. ஆனால் இவ்வுறவு நடைமுறைச் சிக்கலாக அறிஞர்முன் வந்து நின்ற களங்களுள் முற்பட்ட ஒன்று தென்னிந்தியச் சந்தனக் காடு என்பது போதிய கவனம் பெறவில்லை.

இந்நோயைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நோய்க்கிருமியைக் கண்டறிந்த கதையாகவே அமைந்துள்ளன. அக்கதையில் 1969ஆம் ஆண்டு வெற்றியாகவும், அதற்கு முந்தையவை தடுமாற்றங்களாகவும் காட்டப்படும். இக்கட்டுரை வேறொரு நிலையிலிருந்து நோக்குகிறது. முந்தைய ஆய்வாளர் ஒவ்வொருவரும் உறவின் ஒரு பக்கத்தைச் சரியாகவே கண்டனர் என்பதும், அப்பக்கங்களை இணைக்கும் அமைப்பு இல்லாமையே காலத்தாழ்வுக்கு முதன்மைக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

2. வேரடி உறவு வெளிப்படுதல்

சந்தனத்தின் வேர் ஒட்டுண்ணித் தன்மையை 1871ஆம் ஆண்டு ஜான் ஸ்காட் வெளிப்படுத்தினார். இவர் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றியவர். சந்தனத்தின் மெல்லிய வேர்கள் அருகிலுள்ள செடிகளின் வேர்களைத் தொடும் இடத்தில் சிறு குமிழ் போன்ற உறிஞ்சு உறுப்புகளை உருவாக்கி உள்ளே நுழைகின்றன என்பது அப்போது தெரியவந்தது. தனியே தொட்டியில் வளர்க்கப்பட்ட சந்தனக் கன்றுகள் நலிந்து போவதன் காரணமும் இதனால் விளங்கியது.

இச்செய்தியை முறையான உடற்கூற்று ஆய்வாக விரித்தவர் சென்னை மாகாண அரசின் தாவரவியலராக இருந்த சி. ஏ. பார்பர். கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்திப் பணியைத் தொடங்கி வைத்தவராகவே இவரைத் தமிழகம் இன்று நினைவுகூர்கிறது. அதற்கு முன்பே சந்தன உறிஞ்சு உறுப்பின் தொடக்க வளர்ச்சியையும் முதிர்ந்த அமைப்பையும் பற்றிய அவருடைய ஆய்வுகள் 1906, 1907ஆம் ஆண்டுகளில் இந்திய வேளாண் துறையின் ஆய்வேட்டு வரிசையில் வெளிவந்துவிட்டன. சந்தனம் தன் ஓம்புயிரைத் தேர்ந்தெடுப்பதில் கட்டுப்பாடு குறைந்தது. புல், முட்புதர், பெருமரம் என எதையும் பற்றும். இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் அதன் ஓம்புயிர்களாகப் பட்டியலிடப்படுகின்றன.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்று உண்டு. ஒரே காட்டில் நிற்கும் இரண்டு சந்தன மரங்கள் தாவரவியல் நோக்கில் ஓரினமாயினும் ஊட்ட நோக்கில் ஒன்றல்ல. ஒன்று சூரையின் வேரைப் பற்றியிருக்கலாம். மற்றொன்று புங்கத்தின் வேரைப் பற்றியிருக்கலாம். இவ்வேறுபாடு இலையின் வேதியியலில் வெளிப்படுமா, வெளிப்படின் அது இலையுண்ணும் பூச்சிகளைப் பாதிக்குமா என்னும் வினாக்களுக்கான இடத்தைப் பார்பரின் ஆய்வு திறந்து வைத்தது. ஆயினும் உடற்கூற்றியலே அவருடைய ஆய்வின் எல்லையாக இருந்தது.

3. குடகில் தோன்றிய நோய்

1899ஆம் ஆண்டு குடகுப் பகுதியில் சந்தன மரங்கள் வழக்கத்துக்கு மாறாக மாய்வதை மெக்கார்த்தி பதிவு செய்தார். நோயுற்ற மரத்தின் புதிய இலைகள் சிறுத்துக் குறுகி விறைப்பாகக் கிளையிலிருந்து நிமிர்ந்து நிற்கும். கணுவிடை குறுகும். கிளை முழுவதும் முட்கதிர் போலத் தோன்றும். ஸ்பைக் என்னும் பெயர் இத்தோற்றத்தால் அமைந்தது. மலர் தோன்ற வேண்டிய இடத்தில் இலை போன்ற உறுப்புகள் தோன்றும், காய்ப்பு நின்றுவிடும். இலைகளில் மாவுச்சத்து மிகையாகத் தேங்கும். நுனிவேர்களும் உறிஞ்சு உறுப்புகளும் மாயும். அறிகுறி தோன்றிய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மரம் பட்டுப்போகும்.

இந்நோய் அரசுகளை அச்சுறுத்தியமைக்குப் பொருளியல் காரணம் தெளிவானது. மைசூரில் சந்தனம் அரச மரமாக விளங்கியது. யாருடைய நிலத்தில் வளர்ந்தாலும் அது அரசுக்கே உரியது. முதல் உலகப்போரால் ஐரோப்பியச் சந்தைக்கு மரம் செல்வது தடைப்பட்ட நிலையில், 1916ஆம் ஆண்டு மைசூர் அரசு சந்தன எண்ணெயைத் தானே வடிக்கத் தொடங்கியது. வருவாயின் ஊற்று காட்டிலேயே வற்றுவதை எந்த அரசும் பொறுத்திருக்க இயலாது. நோயோ மைசூரின் எல்லையோடு நிற்கவில்லை. சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்ட வடபகுதிக் காடுகளிலும் அது பரவியது.

தொடக்க ஆண்டுகளில் பார்பரும், பேரரசின் பூஞ்சையியலராக இருந்த ஈ. ஜே. பட்லரும் நோயை ஆய்ந்தனர். நோயை உண்டாக்கும் பூஞ்சையோ பாக்டீரியமோ புலப்படவில்லை. வேர் நுனிகளும் உறிஞ்சு உறுப்புகளும் மாய்ந்திருப்பது தெரிந்தது. இதனால் நோயின் மூலம் வேரடியில்தான் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஓம்புயிர் மாய்ந்தால் சந்தனமும் பட்டினியால் மாயும் என்பது இயல்பான அனுமானம். காட்டுத்தீ, வறட்சி, மேய்ச்சல், தகாத ஓம்புயிர் முதலியன காரணங்களாகக் கூறப்பட்டன. டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தின் தாவரவியலர் ஆர். எஸ். ஹோல் 1917ஆம் ஆண்டு இவ்வனுமானங்களுக்கு உடலியங்கியல் வடிவம் கொடுத்தார். மரத்தினுள் சாற்றோட்டத்தின் சமநிலை குலைவதே நோய் என்பது அவர் கொள்கை.

இக்காலத்தில் குற்றம் சாட்டப்பட்ட மற்றொரு தாவரம் உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச் செடியாக வந்த இது தென்னிந்தியச் சந்தனக் காடுகளின் அடிப்புதராகப் பெருகியிருந்தது. உண்ணிச்செடி பரவிய இடங்களில் ஸ்பைக் நோயும் பரவுவதாக வன அலுவலர் சிலர் கருதினர். அதே ஆண்டுகளில் உண்ணிச்செடியை உண்ணும் பூச்சிகளை நாடெங்கும் தேடித் தொகுத்தவர் ஒய். ராமச்சந்திர ராவ். அவருடைய தொகுப்பு 1920இல் வெளிவந்தது. களையை அழிக்கவல்ல பூச்சியைக் காண்பது அதன் நோக்கம். சந்தன நோயைத் தேடியோர் ஒரு புதரின் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதே புதரின் இலையில் வாழும் பூச்சிகளை வேறொருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது இக்காலத்தின் துறைப் பிரிவினையை நன்கு காட்டுகிறது.

4. தொற்று என நிறுவப்படுதல்

ஹோல் தம் கொள்கையை வெளியிட்ட அதே 1917ஆம் ஆண்டில் அதற்கு மாறான சான்று மைசூரிலிருந்து வந்தது. கனடாவில் பிறந்து, 1908இல் மைசூர் அரசின் பணியில் சேர்ந்து, பின்னர் அதன் வேளாண் துறை இயக்குநராக விளங்கிய லெஸ்லி கோல்மன், நோயுற்ற கிளையை நலமான சந்தனத்தில் ஒட்டுக்கட்டினார். நலமான மரத்திலும் நோய் தோன்றியது. வறட்சியும் தீயும் ஒட்டுக்கட்டினால் பரவுவன அல்ல. ஆகவே ஸ்பைக் தொற்றுநோய் என்பது உறுதியாயிற்று.

கோல்மனின் ஆய்வு ஹோலின் கொள்கையை உடனே வீழ்த்திவிடவில்லை என்பது கருதத்தக்கது. ஒட்டுக்கட்டினால் நோய் பரவும் என்பதை ஏற்போரும், காட்டில் யாரும் ஒட்டுக்கட்டுவதில்லையே என்று வினவ இடமிருந்தது. இயற்கையில் இத்தொற்று எவ்வழியே நிகழ்கிறது? இதற்கு இரண்டு விடைகளே இருந்தன. ஒன்று வேர்வழி: நோயுற்ற மரமும் நலமான மரமும் ஒன்றையொன்று பற்றியோ, பொது ஓம்புயிர் ஒன்றைப் பற்றியோ நிற்கும்போது நோய் கடந்து செல்லலாம். மற்றது பூச்சிவழி. முதல் விடை ஒட்டுண்ணித் தன்மையிலிருந்து பிறந்தது. இரண்டாவது, தாவரச்சாறு உண்ணும் பூச்சிகள் பற்றிய அறிவிலிருந்து பிறந்தது.

இரண்டாவது விடைக்கு உலக ஆய்வுச் சூழல் துணை செய்தது. 1926ஆம் ஆண்டு அமெரிக்காவில் எல். ஓ. குங்கல் ஆஸ்டர் மஞ்சள் நோயைத் தத்துப்பூச்சி பரப்புவதைக் காட்டினார. இலை சிறுத்தல், மலர் இலையாதல் ஆகிய அறிகுறிகள் சந்தன நோயிலும் இருந்தன. 1928இல் மைசூரின் எம். ஜே. நரசிம்மன் நோயுற்ற சந்தனத்தின் செல்களுக்குள் சில நுண்ணுடல்கள் காணப்படுவதைக் குறிப்பிட்டார். அக்கால வழக்கப்படி இவை யாவும் நோய்க்காரணம் ஒரு வைரஸ் என்னும் கருத்தை நோக்கியே இட்டுச்சென்றன. எனவே பூச்சியைத் தேடும் பணி முதன்மை பெற்றது.

5. அய்யூரும் ஃபிரேசர்பேட்டையும்

1930களின் தொடக்கத்தில் சந்தனத்தின் மேல் வாழும் பூச்சிகள் அனைத்தையும் தொகுக்கும் பணி விரிந்த அளவில் நடைபெற்றது. அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த அய்யூர், ஜவளகிரி ஆகிய காடுகளிலும், இன்று குஷால்நகர் எனப்படும் குடகின் ஃபிரேசர்பேட்டையிலும் களங்கள் அமைந்தன. திரட்டப்பட்ட பூச்சிகள் பல நாடுகளின் வகைப்பாட்டியல் வல்லுநர்களுக்கு அனுப்பப்பட்டன. சந்தன ஸ்பைக் நோய் பற்றிய பூச்சியியல் ஆய்வுகள் என்னும் பொதுத் தலைப்பில் நீண்ட கட்டுரை வரிசை இந்திய வன ஆவணத் தொடரில் வெளிவந்தது. அறிவியலுக்குப் புதியனவான பல இனங்களின் மூல இடமாக அய்யூர் என்னும் தமிழ்நாட்டுச் சிற்றூரின் பெயர் உலகப் பூச்சியியல் ஏடுகளில் இடம்பெற்றது இவ்வாறே.

இப்பணியில் முதன்மைப் பங்காற்றியவருள் ஒருவர் செட்ரிக் டோவர். கல்கத்தாவில் 1904ஆம் ஆண்டு பிறந்த இவர், பின்னர் இனக்கலப்பு பற்றி 1937இல் வெளியிட்ட நூலால் உலக அளவில் அறியப்பட்டார். அவர் எம். அப்பண்ணாவுடன் சேர்ந்து பூச்சிவழிப் பரவலைச் சோதித்தார்.

இச்சோதனைகள் கடினமானவையாக இருந்ததற்குச் சந்தனத்தின் இயல்பே காரணம். நெல்லையோ கத்தரியையோ போலச் சந்தனக் கன்றைத் தனித் தொட்டியில் நட்டுக் கூண்டுக்குள் வைத்துவிட இயலாது. ஓம்புயிர் இல்லாத கன்று நலியும். நலிந்த கன்றின் தோற்றத்தை நோயினின்று பிரித்தறிவது எளிதன்று. ஓம்புயிரை உடன் வளர்த்தால் கூண்டுக்குள் விடப்பட்ட பூச்சி சந்தனத்தை விட்டு ஓம்புயிரை உண்ணலாம். நோய் அறிகுறி தோன்றப் பல மாதங்கள் ஆகும்; அதுவரை வேறு பூச்சி அணுகாமல் காக்க வேண்டும். ஆக, ஒரு பூச்சியையும் ஒரு செடியையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தும் சோதனை இங்கு ஒருபோதும் நிகழவில்லை. ஒவ்வொரு கூண்டிலும் மூன்று உயிர்கள் இருந்தன. அன்றைய ஆய்வு நெறி அம்மூன்றாவது உயிரை இடையூறாகவே கருதியது.

மூனியா அல்பிமாகுலாட்டா என்னும் தத்துப்பூச்சி நோய்க்கடத்தியாக ஐயுறப்பட்டது. ஆயினும் நோய்க்கடத்தி இதுவே என ஐயமற நிறுவும் நிலையைப் பூச்சியியல் கட்டுரை வரிசை எட்டவில்லை. அதன் நிலைத்த பயன் வேறானது: ஒரு வெப்பமண்டல மரத்தின் மேல் வாழும் பூச்சிச் சமுதாயத்தை ஏறத்தாழ முழுமையாகப் பதிவு செய்த தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று.

6. பெங்களூரு ஆய்வகத்தில் எழுந்த வினா

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1920களின் பிற்பகுதி முதல் சந்தன நோய் உயிர்வேதியியல் நோக்கில் ஆராயப்பட்டது. எம். சீனிவாசய்யாவும் அவருடைய உடன்பணியாளர்களும் நோயுற்ற மரத்தின் சாறு, மாவுச்சத்து, நைட்ரசன், கனிமங்கள் ஆகியவற்றை அளந்தனர். நோயுற்ற இலையையே ஒட்டுப்பொருளாகக் கொண்டு நோயைப் புகுத்தும் முறையையும் உருவாக்கினர். முன்பு அரிதாக நிகழ்ந்த சோதனைத் தொற்றினை விரும்பியபோது உண்டாக்க இதனால் இயன்றது.

இவ்வசதி கைவந்தபின் எழுந்த வினாவே இக்கட்டுரையின் மையம். வெவ்வேறு ஓம்புயிர்களோடு வளர்க்கப்பட்ட சந்தனக் கன்றுகள் நோய்க்கு ஒரே வகையில் ஆட்படுகின்றனவா? ஓம்புயிர் மாறும்போது சந்தன இலையின் வேதியியல் சேர்க்கை மாறுவதையும், நோய் வெளிப்படும் தன்மையும் வேறுபடுவதையும் அக்குழுவினர் ஆராய்ந்தனர். இங்கு ஓம்புயிர் மண்ணைப் போன்ற பின்னணிப் பொருளாக அல்லாமல், நோயின் போக்கில் பங்குபெறும் உயிராக நோக்கப்பட்டது.

1935ஆம் ஆண்டு எஸ். ரங்கசாமியும் சீனிவாசய்யாவும் பூச்சிகளால் ஸ்பைக் நோய் பரவுவதைக் கரண்ட் சயின்ஸ் இதழில் அறிவித்தனர். 1941இல் ரங்கசாமியும் சென்னை மாகாண வனத்துறையைச் சேர்ந்த ஏ. எல். கிரிஃபித்தும் ஜாசஸ் இண்டிகஸ் என்னும் தத்துப்பூச்சியே நோய்க்கடத்தி என இந்தியன் ஃபாரஸ்டர் இதழில் எழுதினர். பூச்சிவழிப் பரவல் என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

ஆனால் இந்த இரண்டு ஆய்வு ஓடைகளும் ஒன்றுகலக்கவில்லை. ஓம்புயிர் மாறினால் சந்தன இலை மாறும் என்று ஓர் ஓடை காட்டியது. சந்தன இலையை உண்ணும் பூச்சி நோயைப் பரப்பும் என்று மற்றோர் ஓடை காட்டியது. அவ்வாறாயின், ஓம்புயிர் மாறும்போது பூச்சியின் வருகையும் உண்ணும் அளவும் மாறுமா என்பதே அடுத்து எழ வேண்டிய வினா. விடை கிடைத்திருப்பின் எந்த ஓம்புயிரோடு சந்தனத்தை நடலாம், எந்தப் புதரைச் சந்தனத்தின் அருகே விடலாகாது என்னும் வழிகாட்டல் வனத்துறைக்குக் கிடைத்திருக்கும். இரண்டு ஓடைகளிலும் பங்கேற்ற அறிஞர்கள் ஒருசிலரே என்பதை நோக்க, இவ்வினா எழாமல் போனது அறிவுக்குறையால் அன்று எனலாம். நோய்க்கடத்தியின் பெயரைக் கண்டால் சிக்கல் தீரும் என்னும் அன்றைய எதிர்பார்ப்பே ஆய்வின் திசையை முடிவு செய்தது.

இடைக்காலத்தில் காட்டில் நிகழ்ந்தது என்ன? நோயுற்ற மரங்களை அழிப்பதே கையிலிருந்த ஒரே வழி. சந்தனத்தை வெட்டினாலும் தோண்டினாலும் எஞ்சிய வேரிலிருந்து தளிர் கிளைக்கும், அத்தளிரும் நோயுடையது. ஆகவே ஆர்செனிக் கலந்த நச்சுக் கரைசலால் மரத்தை வேரோடு கொல்லும் முறை கையாளப்பட்டது. மண்ணுக்கு மேலே பூச்சியும் மண்ணுக்கு அடியே ஓம்புயிரும் எஞ்சி நிற்க, நடுவிலிருந்த சந்தனம் மட்டும் நீக்கப்பட்டது.

7. நோய்க்கிருமி வெளிப்படுதலும் அம்மையார் கூந்தலும்

1967ஆம் ஆண்டு ஜப்பானில் யோஜி டோயும் குழுவினரும் முசுக்கொட்டைக் குறுமை முதலிய நோய்களில் மைக்கோபிளாஸ்மா போன்ற, செல்சுவரற்ற நுண்ணுயிரிகளை மின்னணு நுண்ணோக்கியால் கண்டனர். அதுவரை வைரஸ் நோய்கள் எனக் கருதப்பட்ட மஞ்சள் நோய்கள் பலவும் மறு ஆய்வுக்கு வந்தன. 1969இல் டைக்ஸ்ட்ராவும் ஈயும் நெதர்லாந்திலும், ஹல், ஹார்ன், நாயர் ஆகியோர் நேச்சர் இதழிலும், வர்மாவும் குழுவினரும் இந்தியாவிலும் சந்தனத்தின் ஃபுளோயம் திசுவில் இத்தகைய உயிரிகளைக் காட்டினர். ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள் ஒரே முடிவுக்கு வந்தன. டெட்ராசைக்ளின் மருந்தால் நோய் அறிகுறிகள் தற்காலிகமாகக் குறைவது பின்னர் உறுதிசெய்யப்பட்டது. 1994 முதல் இவ்வுயிரிகள் ஃபைட்டோபிளாஸ்மா எனப்படுகின்றன. சந்தன ஸ்பைக் நோய்க்குரியது ஆஸ்டர் மஞ்சள் தொகுதியைச் சேர்ந்தது என்பது மூலக்கூற்று ஆய்வுகளால் தெரிந்தது. குங்கலின் ஆஸ்டரும் குடகின் சந்தனமும் ஒரே வகைக் கிருமியால் நலிந்தவை என்பது இதனால் புலனாகிறது.

1972ஆம் ஆண்டு டைக்ஸ்ட்ராவும் லீயும் வெளியிட்ட சோதனை நம் பொருளுக்கு நெருக்கமானது. சந்தனத்திலிருந்த நோயை அம்மையார் கூந்தலின் வழியே நித்தியகல்யாணிச் செடிக்கு அவர்கள் கடத்தினர். ஓர் ஒட்டுண்ணித் தாவரத்தின் நோயை மற்றோர் ஒட்டுண்ணித் தாவரம் சுமந்து சென்றது. இச்செயல் எவ்வாறு இயன்றது என்பதை நோக்கினால் பழைய வினா ஒன்று தெளிவடையும். அம்மையார் கூந்தல் தன் ஓம்புயிரின் ஃபுளோயத்தோடும் தொடர்புகொள்கிறது. ஃபைட்டோபிளாஸ்மா ஃபுளோயத்திலேயே வாழ்வதால் அவ்வழியே கடக்கிறது. சந்தனத்தின் உறிஞ்சு உறுப்போ முதன்மையாக நீரும் கனிமங்களும் செல்லும் சைலத்தை நாடுவது. தென்னக்கோனும் கேமரூனும் 2006இல் வெளியிட்ட உடற்கூற்று ஆய்வு, அங்கும் நேரடிக் குழாய் இணைப்பு அரிதென்றும் இடைப்பட்ட பாரன்கைமாச் செல்களின் வழியே பொருள்கள் கடக்கின்றன என்றும் காட்டியது. ஆகவே சந்தனத்தின் வேர்வழியே நோய் எளிதில் கடக்கும் எனக் கொள்வது அரிது.

இவ்விடத்தில் சந்தனத்தின் ஓம்புயிர்களான சூரை, விராலி முதலிய செடிகளில் சிற்றிலை, கிளைக்கொத்து அறிகுறிகள் காணப்படுவது பற்றிய பதிவுகள் பொருள்படுகின்றன. ஓம்புயிரிலும் ஒட்டுண்ணியிலும் ஒத்த நோய் தோன்றுமாயின் அதை வேரின் வழியே விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் மாறிமாறி உண்ணும் பூச்சியே பாலமாக அமையலாம். 1978ஆம் ஆண்டு சிவராமகிருஷ்ணனும் சென் சர்மாவும் நெஃபோடெட்டிக்ஸ் வைரசென்ஸ் என்னும் பச்சைத் தத்துப்பூச்சியால் சந்தன நோயைச் சோதனையில் பரப்பினர். தமிழக உழவர்களுக்கு நெல்வயலின் பூச்சியாகவும் துங்ரோ நோயைப் பரப்புவதாகவும் நன்கு அறிமுகமானது இது. 1941இல் ஒரு பூச்சியும் 1978இல் மற்றொரு பூச்சியும் சுட்டப்பட்டமை, நோய்க்கடத்தி ஒன்றே என்னும் தொடக்ககால எதிர்பார்ப்பு போதாது என்பதை உணர்த்துகிறது.

8. முக்கூட்டு உறவு: இன்றைய அறிவு

பெங்களூரு ஆய்வகம் தொட்டு நிறுத்திய வினா வேறு நிலங்களில், வேறு தாவரங்களில் மீண்டும் எழுந்தது. அமெரிக்காவின் காஸ்டில்லெஜா என்னும் வேர் ஒட்டுண்ணி, லூப்பின் செடியைப் பற்றி வளரும்போது அதன் ஆல்கலாய்டுகளை உள்வாங்குகிறது. அதனால் இலையுண்ணும் பூச்சிகளின் தாக்குதல் குறைந்து விதை மிகுகிறது என்பதை லின் ஆட்லர் 2000ஆம் ஆண்டு காட்டினார். ஓம்புயிரின் தற்காப்பு நஞ்சு ஒட்டுண்ணிக்கும் கவசமாயிற்று.

அம்மையார் கூந்தல் இனத்தில் நிகழ்ந்த ஆய்வுகள் எதிர்த்திசையிலும் செய்தி தருகின்றன. அது தக்காளியைப் பற்றும்போது பூச்சிக்கெதிரான தக்காளியின் தற்காப்பு எதிர்வினை மாறுபடுவதை ரன்யனும் குழுவினரும் 2008இல் வெளியிட்டனர். ஒரே அம்மையார் கூந்தல் கொடியால் இணைக்கப்பட்ட இரண்டு செடிகளுள் ஒன்றைப் புழு தின்றால் அச்செய்தி கொடிவழியே மற்றச் செடியைச் சென்றடைந்து அதன் தற்காப்பைத் தூண்டுகிறது என்பதைச் சீனாவின் குன்மிங்கைச் சேர்ந்த குழு 2017இல் நிறுவியது. ஒட்டுண்ணி ஓம்புயிரை நலிவிப்பது மட்டுமன்றிச் சில சூழல்களில் எச்சரிக்கையைச் சுமக்கும் நரம்பாகவும் அமைகிறது.

சந்தனத்துக்கு மிக நெருங்கிய சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அங்கு குவாண்டாங் எனப்படும் சந்தாலம் அக்குமினேட்டம் சந்தனப் பேரினத்தைச் சேர்ந்ததே. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மீலியா அசெடராக் மரத்தை ஓம்புயிராகக் கொண்ட குவாண்டாங்கில் பூச்சிகொல்லித் தன்மையுள்ள சேர்மங்கள் ஓம்புயிரிலிருந்து வந்து சேர்வதை லவ்விஸும் குழுவினரும் 2001இல் காட்டினர். ஓம்புயிர் மாறினால் பூச்சிக்கெதிரான ஆற்றலும் மாறும் என்பது இப்பேரினத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. 1930களின் வினாவுக்குரிய நேர்விடை அன்று இது. ஏனெனில் அங்கு ஆராயப்பட்டவை மெல்லும் பூச்சிகள், நோய்பரப்பும் சாறுறிஞ்சிகள் அல்ல. ஆயினும் அவ்வினா வெற்று ஊகம் அன்று என்பதற்கு இது போதிய சான்று.

9. முடிவுரை

சந்தன ஸ்பைக் நோயின் ஆய்வு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, இவ்வரலாற்றில் பிழைபட்டவையாகக் கருதப்படும் கொள்கைகளும் மெய்யான காட்சிகளை அடிப்படையாகக் கொண்டவை. உறிஞ்சு உறுப்புகள் மாய்ந்தது உண்மை. சாற்றோட்டம் குலைந்ததும் மாவுச்சத்து தேங்கியதும் உண்மை. அவற்றை நோயின் காரணமாகக் கொண்டதே பிழை; அவை விளைவுகள்.

இரண்டாவது, தாவர உடற்கூற்றியல் சென்னையிலும், நோயியல் மைசூரிலும், பூச்சியியல் வனத்துறையிலும், உயிர்வேதியியல் பெங்களூருவிலும் எனப் பிரிந்து நின்றமை, உறவை ஆராய வேண்டிய இடத்தில் உறுப்புகளை ஆராயச் செய்தது. ஒட்டுண்ணி, ஓம்புயிர், பூச்சி என்னும் மூன்றையும் ஒரே சோதனையின் மாறிகளாகக் கொள்ளும் வாய்ப்பு 1930களில் இருந்தும் கைந்நெகிழ்ந்தது.

மூன்றாவது, இது கடந்தகாலச் செய்தி மட்டும் அன்று. 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் நில உடைமையாளர் சந்தனத்தை வளர்த்து உரிமை கொள்ள வழி ஏற்பட்டது. நாற்றங்காலில் துவரையும், தோட்டத்தில் சவுக்கு முதலிய மரங்களும் ஓம்புயிராக நடப்படுகின்றன. இத்தேர்வில் சந்தனத்தின் வளர்ச்சி வேகமே பெரிதும் கருதப்படுகிறது. அந்த ஓம்புயிர் எந்தத் தத்துப்பூச்சிக்கு இருப்பிடமாகும், சந்தன இலையை அது எவ்வாறு மாற்றும் என்பவை தேர்வின் அளவுகோல்களாக இன்னும் இடம்பெறவில்லை. கேரளத்தின் மறையூர்ச் சந்தனக் காட்டிலும் ஸ்பைக் நோய் பதிவாகியிருக்கும் நிலையில் இது கருதத்தக்க குறை.

அய்யூர்க் காட்டில் திரட்டப்பட்ட பூச்சிப் பட்டியல்களும், பெங்களூருவில் அளக்கப்பட்ட இலை வேதியியலும் நூலகங்களில் உள்ளன. ஒன்றை மற்றொன்றோடு பொருத்திப் படிக்கும் பணி எஞ்சியுள்ளது. சந்தனத்தை நடுவோர் அதன் அருகில் எதை நடுகிறோம் என்பதைப் பூச்சியின் நிலையிலிருந்தும் எண்ணிப் பார்க்கும்போதுதான் 1935இல் நின்ற ஆய்வு தன் அடுத்த படியை எடுத்துவைக்கும்.